எர்மீனியாவும் நாற்பத்தாறாவது கல்லும்

எர்மீனியாவின் குரல் மீன்கடைக் குரல். சமோரா சந்தையில் இருபத்திரண்டு வருஷம் மத்தியும் கணவாயும் விற்றவள். கடை முதலாளி வயதாகிக் கடையை மூடிவிட்டுக் கடற்கரைப் பக்கம் மகள் வீட்டுக்குப் போய்விட, நாற்பத்தைந்து வயதில் வேலை இல்லாமல் நின்றாள். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் ஒரு படிவத்தைக் கொடுத்து நிரப்பச் சொன்னார்கள். 'பேசத் தெரிந்த மொழிகள்' என்ற இடத்தில் 'ஒன்றுதான், ஆனால் சத்தமாக' என்று எழுதிக் கொடுத்தாள்.

அதைப் படித்து யாரோ சிரித்திருக்க வேண்டும். ஈஸ்டர் முடிந்த வாரமே வேலை வந்தது. எங்கள் தெருவிலிருக்கும் சாந்தா கொலோம்பா கோயிலைத் திறந்து வைத்துக்கொண்டு, பார்க்க வருகிறவர்களைக் கவனித்துக்கொள்ள வேண்டும். காலை பத்திலிருந்து இரண்டு மணி, மாலை ஐந்திலிருந்து எட்டு மணி, திங்கட்கிழமை விடுமுறை. செப்டம்பர் கடைசியோடு வேலை முடிந்துவிடும். அடுத்த வருஷம் கூப்பிடுவதும் கூப்பிடாததும் பங்குச் சாமியாரின் கையில் இருந்தது.

எனக்குக் கோயிலுக்கு நேர் எதிரே கடை. காலையில் காப்பி, மதியம் பூண்டு சூப்பும் காரச் சிப்பியும், எந்நேரமும் தோரோ ஒயின். என் பெயர் எலாதியோ. முதல் நாள் பதினொரு மணிக்கே எர்மீனியா சாவிக்கொத்தைக் கவுண்டரில் டொம்மென்று போட்டாள். சாவி ஒன்றே என் முழங்கை நீளம் இருக்கும்.

"யோவ் எலாதியோ, உள்ள ஒண்ணுமே இல்லையேய்யா!"

"கோயில் இருக்கே."

"நாலு சுவரு இருக்கு. தங்கம் இல்ல, ஓவியம் இல்ல, ஒரு நல்ல மெழுகுவத்தி ஸ்டாண்டுகூட இல்ல. வர்றவங்க எட்டிப் பாக்குறாங்க, 'இவ்வளவுதானா'ங்கறாங்க, போயிடுறாங்க. கணக்குப் பாத்தேன், ஒரு ஆளுக்கு நாலு நிமிஷம். மீன்கடையிலகூட அதைவிட அதிக நேரம் நிப்பாங்க."

அவள் சொன்னதில் பொய்யில்லை. எங்கள் ஊரில் இது போன்ற பழைய கற்கோயில்கள் இருபதுக்கு மேல் உண்டு. வெளியூர்க்காரர்கள் முதலில் மீன் செதில் போலக் கூரை வேய்ந்த பேராலயத்தைப் பார்ப்பார்கள். பிறகு பெரிய தெரு வழியாக நடந்து, கண்ணில் பட்ட கோயிலில் எல்லாம் தலையை நீட்டிவிட்டு, சாப்பிடப் போய்விடுவார்கள். சாந்தா கொலோம்பா அந்த வரிசையில் பதினேழாவதோ பதினெட்டாவதோ. அதற்குள் அவர்களுக்குக் கால் வலி வந்துவிடும்.

விற்கத் தெரிந்தவளுக்கு இது பெரிய அவமானம். ஆள் வராத நேரங்களில் அவள் நாற்காலியை வெளியே இழுத்துப் போட்டு வெயிலில் உட்கார்ந்துகொண்டு, சரக்கு எங்கே இருக்கிறது என்று தேடினாள். ஒரு வாரத்தில் கண்டுபிடித்துவிட்டாள். கூரையின் இறவாரத்துக்கு அடியில், சுவரிலிருந்து வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கும் தாங்குகற்கள். ஒவ்வொன்றின் முனையிலும் ஓர் உருவம். குழல் ஊதும் பன்றி, தன் வாலைத் தானே கடிக்கும் நாய், நாக்கை நீட்டும் சாமியார், தலைகீழாக வளைந்து நிற்கும் கழைக்கூத்தாடி, இடுப்பில் கைவைத்துக்கொண்டு சண்டைக்கு நிற்கும் ஒரு பெண். பீப்பாயைத் தோளில் சுமப்பவனைக் காட்டி, "அது நீதான்" என்று என்னிடம் சொன்னாள். முப்பது வருஷமாக அதற்கு எதிரிலேயே கடை வைத்திருக்கிறேன். அன்றுதான் முதன்முதலில் அண்ணாந்து பார்த்தேன்.

மொத்தம் நாற்பத்தாறு கற்கள். நாற்பத்தைந்தில் உருவம் உண்டு. வடக்குச் சுவரில் ஒன்று மட்டும் மொட்டை. வெறும் சதுரக் கல். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்றில் கூரை வேலை நடந்தபோது வைத்தது என்று மட்டும்தான் தெருவில் தெரிந்திருந்தது. அங்கே முன்னால் என்ன இருந்தது என்று எர்மீனியா கேட்காத ஆள் இல்லை. ஒருவருக்கும் நினைவில்லை.

இன்னொன்றையும் அவள் பார்த்து வைத்திருந்தாள். காதுகள். மனிதனோ மிருகமோ, அந்தச் சிற்பி காதுகளைக் கண்ணுக்கு நேராக வைக்கவில்லை; கீழே, தாடை எலும்பின் மேல் ஒட்டி வைத்திருந்தான். நாற்பத்தைந்து உருவங்களுக்கும் அப்படித்தான். மீனைச் செவுள் பார்த்து வாங்கிப் பழகிய கண் அவளுடையது. அந்தச் சிற்பியின் கை அவளுக்கு அத்துப்படியாகிவிட்டது. அவள் புருஷன் உபால்தோ நகரப் பேருந்து ஓட்டுகிறவன், அதிகம் பேசமாட்டான். தினமும் இரவுச் சாப்பாட்டோடு காதுகளையும் சேர்த்து விழுங்கி வந்தான்.

அந்தக் கோடை முடிவதற்குள் நாலு நிமிஷம் நாற்பது நிமிஷமாகிவிட்டது. கோயிலிலிருந்து சிரிப்புச் சத்தம் என் கடை வரைக்கும் கேட்கும். வெளியே வந்தவர்கள் என்னிடம் காப்பி குடித்துக்கொண்டே ஒருவர் காதை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். அடுத்த ஈஸ்டருக்குச் சாமியார் அவளை மறுபடி கூப்பிட்டார்.

அந்த இரண்டாவது வருஷம் ஜூலையில் அவள் தங்கை மகள் நூரியாவுக்குக் கல்யாணம். பூசை ஊரில் முடிந்தது, விருந்து இருபது கிலோமீட்டர் தள்ளி ஒரு திராட்சைப் பண்ணையில். பழைய குடும்பம், பெரிய வீடு; இப்போது கோடையில் தோட்டத்தைக் கல்யாணங்களுக்கு விடுகிறார்கள். பண்ணையின் பெயரை நான் சொல்லப்போவதில்லை; ஏன் என்று போகப்போகத் தெரியும். உபால்தோ சொல்லி எனக்குத் தெரிந்தது இது. நானும் அங்கே இருந்திருக்கக் கூடாதா என்று இன்றைக்கும் தோன்றுகிறது.

தோட்டத்தின் கோடியில், ஐவிக்கொடி படர்ந்த சுவரில் ஒரு நீரூற்று. சுவரில் பதித்த ஒரு கல் முகத்தின் வாயிலிருந்து தண்ணீர் தொட்டியில் விழுந்துகொண்டிருந்தது. எர்மீனியா கையில் தட்டோடு அந்தப் பக்கம் போனவள், அப்படியே நின்றுவிட்டாள்.

"உபால்தோ, இங்க வா."

"இப்பத்தான் இறால் வெச்சாங்க."

"இறால் எங்கயும் ஓடிடாது. வாய்யா."

அவன் வாயைத் துடைத்துக்கொண்டு வந்தான். அவள் விரலை நீட்டினாள். ஒரு கையைக் கன்னத்தில் அழுத்திக்கொண்டு வாயைப் பிளந்திருக்கும் ஒரு மனிதன். பல்வலியில் துடிக்கிறான். பிளந்த வாய்க்குள் யாரோ துளை போட்டுக் குழாயைச் செருகியிருந்தார்கள்.

"காது எங்க இருக்கு பாரு."

உபால்தோ பார்த்தான். இரண்டு வருஷமாகக் கேட்டுக் கேட்டு அவனுக்கும் பாடமாகியிருந்தது.

"தாடையில," என்றான்.

"டையைக் கழட்டு."

"எதுக்கு?"

"கழட்டுங்கறேன்ல!"

செருப்பைக் கழற்றிவிட்டு, பட்டுப் பாவாடையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு எர்மீனியா தொட்டிக்குள் இறங்கினாள். டையின் ஒரு முனையைக் கல்லின் இடது விளிம்பில் வைத்து, வலது விளிம்பு வந்த இடத்தில் ஒரு முடிச்சுப் போட்டாள். பிறகு உயரத்துக்கு இன்னொரு முடிச்சு. பல்வலிக்காரன் அவள் மார்பெல்லாம் தண்ணீரைத் துப்பினான். தங்கைக்காரி பதறி ஓடி வந்தாள்.

"அக்கா! என்னக்கா பண்ற? போட்டோக்காரர் பாக்குறாரு!"

"பாக்கட்டும். எடுக்கட்டும். இவனையும் சேத்து எடுக்கச் சொல்லு!"

அந்தப் படம் இருக்கிறது. கல்யாண ஆல்பத்தில் நூரியா அதை ஒட்டவில்லை, எனக்குக் கொடுத்துவிட்டாள்.

திங்கட்கிழமை காலை எர்மீனியா என் ஏணியைக் கேட்டு வந்தாள். உபால்தோவுக்கு வேலை, ஏணியைப் பிடித்தது நான். டையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஏறினாள். வடக்குச் சுவரின் அந்த மொட்டைக் கல்லில் டையை வைத்தாள். மேலிருந்து சத்தமே இல்லை. அவளிடமிருந்து சத்தம் வராமல் இருந்தால் எனக்குக் கலக்கமாகிவிடும்.

"என்னாச்சு?"

"அகலம் சரியா இருக்கு."

"உயரம்?"

"உயரமும்."

இறங்கி வந்தபோது அவள் முகம் சிவந்திருந்தது. கோபமா சந்தோஷமா என்று எனக்குப் புரியவில்லை. ஒரு பிராந்தி கேட்டாள். காலை பத்து மணி. ஊற்றிக் கொடுத்தேன்.

அன்றைக்கே பங்குச் சாமியார் அன்செல்மோவிடம் போனாள். நல்ல மனிதர், ஆனால் சச்சரவு என்றால் ஒதுங்கிப் போகிறவர். எழுபத்து மூன்றில் தான் இந்தப் பங்கிலேயே இல்லை என்றார். அந்தக் குடும்பத்தார் மரியாதைப்பட்டவர்கள் என்றார். கடைசியாக, "சாட்சி என்னம்மா இருக்கு?" என்று கேட்டார்.

"டை இருக்கு ஃபாதர்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

அடுத்த திங்கட்கிழமை கிராமத்துப் பேருந்தில் ஏறித் தானே பண்ணைக்குப் போனாள். வீட்டு எஜமானி ஒரு விதவையம்மா, எண்பதை நெருங்குகிறவர். அதேலா என்று ஒரு பெயர் வைத்துக்கொள்வோம். அவர் வெளியே வரவில்லை. மகன்தான் வாசலில் நின்று பேசினான். பேர் கொன்சாலோ என்று இருக்கட்டும்.

"இந்த மாதிரிக் கல்லு எல்லா ஊர்லயும் கிடக்கும்மா. உங்க கோயிலுதுன்னு சொல்றீங்களே, எழுத்துல ஏதாவது இருக்கா? காகிதம் கொண்டு வாங்க, பேசலாம்."

"எண்ணூறு வருஷத்துக்கு முன்னால பில்லு போடுற வழக்கம் இல்ல தம்பி."

கதவு சாத்தப்பட்டது. திரும்பி வரும் பேருந்துக்கு இரண்டு மணி நேரம் வெயிலில் நின்றாள்.

மறுநாள் காலை பத்தரைக்குக் கோயிலுக்கு ஒரு கூட்டம் வந்தது. வழக்கம்போல ஒவ்வொரு உருவமாகக் காட்டிக்கொண்டு வந்த எர்மீனியா, வடக்குச் சுவரில் மொட்டைக் கல்லுக்கு முன்னால் நின்றாள். "இங்க ஒருத்தன் இருந்தான். பல்வலிக்காரன். இப்ப எங்க இருக்கான்னு எனக்குத் தெரியும்" என்று ஆரம்பித்து, பண்ணையின் பெயர், போகிற பாதை, எங்கே இடது பக்கம் திரும்ப வேண்டும் என்பது வரைக்கும் சொல்லி முடித்தாள். "போனீங்கன்னா நான் விசாரிச்சேன்னு சொல்லுங்க."

ஜனங்கள் போனார்கள். சும்மா நாலு பேர் போவார்கள் என்று நினைத்தேன். ஆகஸ்ட் முதல் வாரத்திலேயே கார்கள் பண்ணை வாசலில் நிற்க ஆரம்பித்துவிட்டன. வெளியூர்க்காரர்கள் தோட்டத்தைப் பார்க்கலாமா என்று கேட்பார்கள், நேராக நீரூற்றுக்குப் போய்க் காதைப் பார்ப்பார்கள். கல்யாண விருந்தாளிகளிடையேயும் பேச்சு பரவிவிட்டது. ஒரு மாப்பிள்ளை வீட்டார், புகைப்படம் எடுக்கும் நேரத்துக்கு மட்டும் தண்ணீரை நிறுத்த முடியுமா, பார்க்கப் பாவமாக இருக்கிறது என்று கேட்டார்களாம்.

கொன்சாலோ சாமியாருக்குத் தொலைபேசியில் பேசினான். சாமியார் என் கடைக்கு வந்து எர்மீனியாவை ஓரமாக உட்கார வைத்தார். ஓரம் என்றாலும் எனக்கு எல்லாம் கேட்டது.

"வர்றவங்களுக்குக் கொடுக்குற கோயில் நோட்டீஸ்ல இருக்குறதை மட்டும் சொல்லும்மா. அது போதும்."

"நோட்டீஸ்ல உருவம் செதுக்குன தாங்குகல் நாற்பத்தாறுன்னு போட்டிருக்கு. ஒண்ணைக் காணோமேன்னு கேக்குறாங்க. என்ன சொல்ல? நீங்க பாவசங்கீர்த்தனம் கேக்குறவரு. பொய் சொல்லுன்னு நீங்களே சொல்லுங்க, சொல்லிடறேன்."

"எர்மீனியா, அடுத்த வருஷம் உன்னைக் கூப்பிட முடியாமப் போகலாம். புரியுதா?"

"புரியுது ஃபாதர். செப்டம்பர் வரைக்கும் சாவி என்கிட்டதான் இருக்கு."

சாமியார் போனபின் முட்டை அடையைத் தட்டில் வைத்துக் கொடுத்தேன். அவள் அதைத் தொடவேயில்லை. வீட்டில் அவள் சம்பளமும் தேவைப்பட்டது என்று எனக்குத் தெரியும். அந்தக் குளிர்காலத்துக்குப் பள்ளிக்கூடச் சமையலறையில் பாத்திரம் கழுவும் வேலை கேட்டு வைத்திருந்தாள்.

"பயமா இருக்கா?" என்று கேட்டேன்.

"பயம் எல்லாம் இல்ல. என் மேலதான் எரிச்சலா இருக்கு. வாங்குறது அந்தப் பண்ணைவீட்டம்மா. நான் பையைத் தூக்கிட்டு வர்ற ஆள்கிட்ட விலை பேசிட்டு வந்திருக்கேன். எவ்வளவு பெரிய முட்டாள்தனம்! ஒரு பேனா கொடு."

கோயில் நோட்டீஸ் ஒன்றின் பின்பக்கத்தில் எழுதினாள். அஞ்சலில் போடுவதற்கு முன் எனக்குப் படித்துக் காட்டினாள்.

'மரியாதைக்குரிய அம்மா, உங்கள் நீரூற்றில் இருப்பவனின் கூடப் பிறந்தவர்கள் நாற்பத்தைந்து பேர் எங்கள் கோயிலில் இருக்கிறார்கள். நீங்கள் ஒருமுறை வந்து பார்க்க வேண்டும். திங்கள் தவிர எல்லா நாளும் திறந்திருக்கும். மாலை ஏழு மணிக்கு மேல் வந்தால் வெயில் சாய்ந்து முகங்கள் நன்றாகத் தெரியும். சுற்றிப் பார்க்க நேரமாகும், அதனால் வசதியான செருப்புப் போட்டு வரவும். இப்படிக்கு எர்மீனியா, சாவி வைத்திருப்பவள்.'

பதில் வரவில்லை. ஆகஸ்ட் கடைசி வாரம், ஒரு வியாழக்கிழமை மாலை, கடைக்கு முன்னால் ஒரு வாடகைக் கார் வந்து நின்றது. கைத்தடியோடு ஒரு வயதான அம்மா இறங்கி உள்ளே வந்து, சாமந்திப்பூத் தேநீர் கேட்டார். பாதி குடித்துவிட்டு ஜன்னல் வழியாகக் கோயிலைப் பார்த்தார்.

"அங்க கத்திட்டு இருக்குறது யாரு?"

"எர்மீனியா. சாவி அவகிட்டதான் இருக்கு."

"மீன்காரின்னு சொன்னாங்க."

"ஆமாம். நல்ல மீன்தான் வித்தா."

அந்த அம்மா சிரிக்கவில்லை. எழுந்து தெருவைக் கடந்து போனார். யார் என்று எனக்குப் பளிச்சென்று புரிந்துவிட்டது, ஆனால் எர்மீனியாவுக்குத் தெரியாது. அவள் அவரைப் பார்த்ததே இல்லை. கடையை மருமகளிடம் விட்டுவிட்டு நானும் பின்னாலேயே போனேன். இதைப் பார்க்காமல் இருக்க என்னால் முடியாது.

பில்பாவோவிலிருந்து வந்த ஆறேழு பேர் நின்றிருந்தார்கள். அந்த அம்மாவும் அவர்களோடு சேர்ந்துகொண்டார். எர்மீனியா அவருக்குத் தன் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உக்காருங்கம்மா, கழுத்து வலிக்கும். சரி, எல்லாரும் பத்து நிமிஷம் பேசாம மேல பாருங்க. நான் எதுவும் சொல்லமாட்டேன். உங்களுக்கு என்ன தெரியுதோ அதை அப்புறம் சொல்லுங்க."

மஞ்சள் வெயில் சுவரோடு ஒட்டிப் பாய்ந்துகொண்டிருந்தது. பன்றியும் நாயும் கழைக்கூத்தாடியும் சுவரைவிட்டு வெளியே வந்துவிடுவார்கள் போலிருந்தது. பிறகு எர்மீனியா பேசினாள், வழக்கம்போலச் சிரித்தார்கள். வடக்குச் சுவருக்கு வந்ததும் பல்வலிக்காரன் கதையைச் சொன்னாள். ஒரு வார்த்தை கூடவுமில்லை, குறையவுமில்லை.

அந்த அம்மா கைத்தடியால் தரையைத் தட்டினார். "அப்ப, அதை எடுத்துட்டுப் போனவங்க திருடங்களா?"

பில்பாவோக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எர்மீனியா மொட்டைக் கல்லைக் காட்டினாள்.

"கூரை வேலையில கீழ இறக்கினப்போ இவனை ரோட்டுக்கு ஜல்லி உடைக்கக் கொண்டுபோயிருக்கலாம்மா. அப்படித்தான் பல கல்லு போச்சு. ஒருத்தர் பாத்தாரு, 'ஐயோ இவன் நல்லா இருக்கானே'ன்னு தோணியிருக்கு, எடுத்துக்கிட்டாரு. அந்தக் கண்ணுக்கு நான் மரியாதை கொடுக்கறேன். அவர் எடுக்கலேன்னா இன்னைக்கு நமக்கு இவன் கிடைக்கவே மாட்டான். ஆனா கூரை வேலை முடிஞ்சு நாற்பது வருஷம் ஆச்சு. இன்னும் எதுக்கு வெளியூர்ல நிக்கணும்?"

அந்த அம்மா அண்ணாந்து வரிசையை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மறுபடி பார்த்தார். கூட்டம் கலைந்தது. அவர் மட்டும் உட்கார்ந்தே இருந்தார்.

"காது," என்றார் கடைசியில்.

"ஆமாம்மா."

"நான் தினமும் காலையில அது முன்னாலதான் காப்பி குடிப்பேன். நாற்பது வருஷம். காது இப்படி இருக்கேன்னு ஒருநாளும் பாத்ததில்ல." கைத்தடியை மடியில் வைத்துக்கொண்டார். "வேலை எடுத்த கான்ட்ராக்டர் மிச்சக் கல்லுன்னு கொடுத்தான்னு என் வீட்டுக்காரர் சொன்னாரு. நான் நம்பினேன். அவரும் நம்பினாரான்னு தெரியல. கேக்குறதுக்கு அவரு இல்ல."

எர்மீனியாவுக்கு அப்போதுதான் புரிந்தது. அவள் முகம் வெளுத்ததை நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

மூன்று பேரும் என் கடைக்கு வந்தோம். அதேலா அம்மா இந்த முறை தேநீர் கேட்கவில்லை, ஒயின் கேட்டார். கல்லைக் கொடுப்பதில் அவருக்கு இனிமேல் தடை இல்லை. ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார்: கீழே ஒரு பலகை வைக்க வேண்டும், 'இந்தக் குடும்பத்தின் நன்கொடை' என்று.

எர்மீனியா தலையை ஆட்டினாள். "நன்கொடைன்னு போட முடியாதும்மா. கோயிலோடதையே கோயிலுக்கு எப்படி நன்கொடை கொடுக்கறது? திருப்பிக் கொடுத்தாங்கன்னு வேணா போடலாம்."

"திருப்பிக் கொடுத்தாங்கன்னு போட்டா, எடுத்ததுன்னு ஆயிடும். என் வீட்டுக்காரரைப் பத்தி ஊர்ல அப்படிப் பேச விடமாட்டேன்."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இறங்கி வருகிற முகங்கள் இல்லை இரண்டும். நான் ஒலிவக்காய்க் கிண்ணத்தை இருவருக்கும் நடுவில் நகர்த்தி வைத்தேன்.

"பலகையே வேண்டாம்," என்றாள் எர்மீனியா. "மத்த நாற்பத்தைந்து பேருக்கும் பலகை இல்ல. செதுக்கினவன் பேருகூட இல்ல. இவனுக்கு மட்டும் எதுக்கு? உங்க வீட்டுப் பேரை இனி நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன். இதோ எலாதியோவும் சொல்லமாட்டான்."

"இவரு கடைக்காரர். எப்படி நம்பறது?"

"சொன்னா நான் இவன் ஏணியில இருந்து இவனைத் தள்ளிடுவேன்."

அதேலா அம்மா சிரித்தார். ஒயினை முடித்துவிட்டு, "கொன்சாலோ குதிப்பான்," என்றார். "குதிக்கட்டும். வீடு இன்னும் என் பேர்லதான் இருக்கு."

கல்லை எடுத்த இடத்தில் வைப்பது ஒரே நாளில் நடக்கிற காரியமா? அனுமதி, வரைபடம், கையெழுத்து என்று குளிர்காலம் முழுக்க ஓடியது. எர்மீனியா பள்ளிக்கூடச் சமையலறையில் பாத்திரம் கழுவினாள். ஈஸ்டர் நெருங்கியதும் அன்செல்மோ சாமியாரே சாவியை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனார்.

"உன்னால எனக்கு வேர்த்துப்போச்சும்மா."

"குளிர்காலத்துல வேர்த்தா உடம்புக்கு நல்லது ஃபாதர். உள்ள வாங்க."

மே மாதம் சாரம் கட்டினார்கள். கல் பழுதுபார்க்கும் பெண் ஒருத்தி வல்யதோலிதிலிருந்து வந்திருந்தாள். அவளோடு எர்மீனியா போட்ட சண்டை தெருவுக்கே தெரியும். பல்வலிக்காரனின் வாயில் போட்ட துளையைச் சாந்து வைத்து அடைக்க வேண்டும் என்பது எர்மீனியாவின் கட்சி. அடைக்கக் கூடாது, அதுவும் அவனுக்கு நடந்ததுதானே என்பது அந்தப் பெண்ணின் கட்சி. இரண்டு நாள் கத்தினாள். மூன்றாம் நாள் தோற்றாள். துளை அப்படியே இருக்கிறது. இப்போது யாராவது அது என்ன என்று கேட்டால், "தண்ணி குடிக்கப் போயிருந்தான், கொஞ்ச நாள்ல வந்துட்டான்" என்கிறாள். எங்கே போயிருந்தான் என்று சொல்வதில்லை.

கல்லை ஏற்றிய அன்று அதேலா அம்மா வந்திருந்தார். அவருக்கு அதே நாற்காலி. உபால்தோ பேருந்து வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, புது டை கட்டிக்கொண்டு வந்தான். சாந்து பூசிக் கல்லை நேராக்கித் தட்டியபோது எர்மீனியா கண்ணைத் துடைத்துக்கொண்டாள், பிறகு மேஸ்திரியைப் பார்த்து, "இடது பக்கம் கொஞ்சம் தூக்குய்யா, சாஞ்சிருக்கான்!" என்று கத்தினாள். உண்மையிலேயே சாய்ந்துதான் இருந்தான்.

அதற்குப் பிறகு அதேலா அம்மா மூன்று கோடை உயிரோடு இருந்தார். மாதத்தில் ஒரு வியாழக்கிழமை வருவார். எர்மீனியா கூட்டத்துக்குச் சொல்வதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சில சமயம் அவரே குறுக்கே புகுந்து திருத்துவார். அவருடைய அடக்கத்துக்கு நாங்கள் போயிருந்தபோது கொன்சாலோ எங்கள் இருவருக்கும் கை கொடுத்தான். அவ்வளவுதான்.

எர்மீனியாவுக்கு இப்போது ஐம்பத்தெட்டு வயது. போன ஏப்ரலில் சலமான்காவிலிருந்து ஒரு பேராசிரியர் இருபது மாணவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். வழக்கம்போலப் பத்து நிமிஷம் வாயைப் பொத்தி நிற்க வைத்தாள். மூன்றாவது நிமிஷத்திலேயே ஒரு பெண் கையைத் தூக்கினாள்.

"இது எந்த நூற்றாண்டு?"

"பன்னிரண்டுன்னு நோட்டீஸ்ல இருக்கு. முதல்ல மூஞ்சியைப் பாரு கண்ணு, வயசை அப்புறம் விசாரிக்கலாம்."

முடிந்ததும் பேராசிரியர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். பல்கலைக்கழகத்துக்கு வந்து ஒரு மணி நேரம் பேச வேண்டும், கார் அனுப்புகிறேன், மேடை, ஒலிபெருக்கி எல்லாம் உண்டு என்றார்.

"ஒலிபெருக்கியா, எனக்கா?" என்றாள் எர்மீனியா. "அங்க வந்து நான் எதைக் காட்டறது சார்? கோயில் இங்க இருக்கு. நீங்களே இன்னொரு தடவை கூட்டிட்டு வாங்க."

மே மாதம் மறுபடி வந்தார்கள். இந்த முறை நாற்பது பேர். கோயில் வாசலில் நிற்க இடமில்லை, என் கடையில் உட்கார நாற்காலி இல்லை. எர்மீனியா படியில் ஏறி நின்று அவர்களை இரண்டாகப் பிரித்தாள். பாதிப் பேர் அவளோடு கோயிலுக்கு, மீதிப் பேர் என்னிடம் சாப்பிட. நாற்பது நிமிஷம் கழித்து மாறிக்கொள்ள வேண்டும் என்று தெரு முழுக்கக் கேட்கும்படி உத்தரவு போட்டுவிட்டு, சாவியைத் தோளில் சாய்த்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.